நாலு விரல் நட்டம்

பொற்றையடியில் பஸ் இறங்கி
மலையை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தேன்.
கடியபட்டணத்துக்காரனுக்கு மருந்துவாழ்மலை
கடலில் இடம் குறிக்க ஒரு கணியம்.
அவ்வளவுதான்.
அதன் காலடியில் ஒரு வர்மாணி இருப்பதை
மீன் ஏற்ற வந்த டெம்போக்காரன் சொன்னான்.

ஏழு மாதமாக நெஞ்சுக்குழியில்
மூச்சு இடறி விழுகிறது.
நாகர்கோவில் ஸ்கேனில் ஒன்றுமில்லை.
டென்ஷன் என்றார் டாக்டர்,
தன் செல்போனைப் பார்த்துக்கொண்டே.

சுயம்புகனிக்கு முப்பதுகூட இருக்காது.
காயத்திருமேனி எண்ணெய் மணக்கும் அறை,
சுவரில் பஸ் டயம் எழுதிய அட்டை.
என் உத்தரியத்தைக் கழற்றச் சொல்வாளென்று
கையை அதன்மேல் வைத்திருந்தேன்.
அது கெடக்கட்டும், என்றாள்.
நேர்வர்மத்தில் இரண்டு விரல் வைத்து
வெகுநேரம் சும்மா இருந்தாள்.

"என்ன வேல அண்ணாச்சி?"
"சிப்பி எடுக்க முங்குவேன்."
"இங்க தண்ணி இல்லியே,
இப்பமும் எதுக்கு பிடிச்சு வச்சிருக்கிய?"

சொன்னேன்.
மிக்கேலடிமை உளியோடு இறங்கினான், ஏழு பாகம்.
கட்டுமரத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணுவது மேலே இருப்பவன் வேலை.
நூற்றைம்பதில் குதித்திருக்க வேண்டும்.
தம்பி கெட்டிக்காரன்,
இன்னும் பத்து, இன்னும் பத்து என்று
இருநூற்றிப் பத்து வரைக்கும் எண்ணினேன்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.
மூச்சு பன்னிரண்டு விரல் வெளியே போகும்,
எட்டு திரும்பும்,
நாலு விரல் நட்டம், என்றாள் கணக்குப்போல.
ஏலக்காரன் தரகு பிடிப்பது எனக்குத் தெரியும்.
யாருக்குப் போகிறது அந்த நாலு என்று கேட்டேன்.
அதுக்கு பதில் தெரிஞ்சா
நான் ஏன் எண்ணெய் காய்ச்சிட்டு இருக்கேன், என்றாள்.

மற்ற இடங்களில் எண்ணச் சொல்வார்கள்.
உள்ளே பதினாறு, நிறுத்தி அறுபத்துநாலு.
அவள் வழியில் எண் கிடையாது.
உங்களுக்கு எண்ணு ஆகாது, அது விஷம்,
பெயர் சொல்லி விடுங்க:
ஒரு பெயருக்கு ஒரு மூச்சு.

அவளுடைய குருவழிப் பெயர்கள்.
அவளுக்குக் கற்றுத்தந்த அத்தை சரசம்.
அதற்குமுன் நாவிதர் வேலப்பன்.
தக்கலைப் பக்கம் ஒரு பக்கீர்.
பேறு பார்த்த பூமாலை.
களரியில் தோற்று, தோற்ற இடத்திலேயே
அடங்கல் படித்த அனந்தன்.
பிறகு ஓலையில் செல்லரித்த ஓர் இடம்.

"அங்க?"
"அங்க பெயர் இல்ல.
வெறுமே வெளியே விடணும்.
அடுத்தது தானா வரும்."

முதல் நாள் அந்த ஓட்டையருகே வந்ததும்
கட்டுமரம்போல் முட்டி நின்றேன்.
காலியாக விடுவது
மூச்சை அடக்குவதைவிடப் பயம்.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
அங்கே என்னை அறியாமல்
மிக்கேலடிமை என்று விட்டேன்.
முழுசாகப் போனது,
பன்னிரண்டு விரலும்.

பிறகு வெட்கமாக இருந்தது.
யாரோ ஒரு சித்தரின் இருக்கையில்
ஓசி கொடுக்காமல் தம்பியை உட்காரவைத்ததுபோல.
அவளிடம் ஒப்புக்கொண்டேன்,
பாவசங்கீர்த்தனத்தின் குரலில்.
எல்லாரும் அங்க யாரயாவது வைக்கத்தான் செய்யிதாவ,
என்றாள் கை கழுவிக்கொண்டே.
"இருநூறு ரூவா இருக்கு, மேசமேல வையுங்க.
மூணரைக்கு பஸ்."

திரும்பும்போது ஜன்னல்வழி
மலையைப் பார்த்தேன் முதல்முறையாக,
அதை வைத்து எந்த இடத்தையும் குறிக்காமல்.

இப்போது இரண்டு பாகம் இறங்குகிறேன்.
சிப்பி இருப்பது அதற்கும் கீழே.
மேலே சகாயராஜ் எண்ணுகிறான், நான் எண்ணுவதில்லை.
சரசம், வேலப்பன், பக்கீர் என்று
பெயர்களை வாயில் அடைத்துக்கொண்டு இறங்கி,
அந்த இடம் வரும்போது
தண்ணீருக்குள் கொஞ்சம் விட்டுவிடுகிறேன்.
முங்குகிறவன் செய்யக்கூடாத காரியம்.
குமிழ் மேலே போவதை
அண்ணாந்து பார்க்கிறேன்.